உழைப்பாளர் சிலை தெரியும்... அதை உருவாக்கியவரைத் தெரியுமா? தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கதை

பழைய 500 ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கா? 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரியோட செல்லாமப் போன அதே நோட்டுதான். முன்பக்கம் காந்தி சிரிச்சுக்கிட்டு இருப்பார். திருப்பிப் பார்த்தா, கைத்தடியோட காந்தி முன்னாடி நடக்க, ஒரு கூட்டம் பின்னாடியே வரும்.

டெல்லியில், சர்தார் படேல் சாலையில் இருக்கும் 'கியாரா மூர்த்தி' என்ற சிற்பத் தொகுதியின் உருவம் அது. பெயருக்கு அர்த்தம், பதினோரு சிலைகள். தண்டி யாத்திரையை நினைவுபடுத்தும் சிற்பம்.

இப்போ சென்னைக்கு வாங்க. மெரினாவில் ஒரு பெரிய பாறையை நாலு பேர் சேர்ந்து நெம்பி நகர்த்தப் பார்க்கிறார்கள். உழைப்பாளர் சிலை. மே தினம் வந்தால் எல்லா செய்தி சேனலிலும் இந்தப் படம்தான் ஓடும்.

இந்த ரெண்டையும் உருவாக்கியது ஒரே ஆள்தான். அவர் தமிழர் இல்லை. ஆனால் சென்னையில் ஓவியப் பள்ளியை 28 வருஷம் நடத்தியவர். பெயர், தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

கோடிக்கணக்கான பேர் பாக்கெட்டில் வைத்திருந்த படத்துக்கும், தினமும் ஆயிரக்கணக்கான பேர் கடந்து போகிற சிலைக்கும் சொந்தக்காரர். ஆனா, பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. யார் இவர்? என்ன செய்தார்? வாங்க, பார்க்கலாம்.

ஜமீன் வீட்டுப் பையன்

1899-ம் ஆண்டு ஜூன் 15. அன்றைய வங்காளத்தில் ரங்பூர் பக்கம் தாஜ்ஹாட் என்ற ஊரில் பிறந்தார் ராய் சௌத்ரி. இப்போது அந்த ஊர் வங்கதேசத்தில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஜமீன் பின்னணி. உழைப்பாளர் சிலையில் இருக்கும் நாலு பேர் மாதிரி பாறையைத் தள்ள வேண்டிய நிலைமை அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

கல்கத்தாவில் அவருக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் அவனீந்திரநாத் தாகூர். கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகன் முறை. அந்தக் காலத்தில் வங்காள ஓவியம் என்றாலே அவர்தான். புராணக் காட்சிகள், மெல்லிய நிறம், பனி மூடின மாதிரி ஒரு கனவுத்தன்மை. இதுதான் அவருடைய பாணி. ராய் சௌத்ரியும் முதலில் இந்த வழியில்தான் வரைந்தார்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. ஹிரண்மய் ராய் சௌத்ரி என்ற சிற்பியிடம் சிற்பம் கற்றார். மனித உடம்பில் எலும்பு எங்கே இருக்கு, எடை தூக்கும்போது எந்தத் தசை புடைக்கும், முதுகு எப்படி வளையும்னு பார்த்துப் பார்த்துச் செய்யும் மேற்கத்திய முறை கைக்கு வந்தது.

சும்மா ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கிற ஆளும் இல்லை. மல்யுத்தம் செய்வார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காளத்தில் கதைகள் எழுதுவார். உடம்பின் பலம் என்னன்னு தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டவர். அவர் செய்த சிலைகளில் இது நல்லாவே தெரியும்.

சென்னைக்கு வந்த முதல் இந்தியத் தலைவர்

1929-ல் ராய் சௌத்ரி மெட்ராஸ் வந்தார். வயது 30 தான். அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியின் தலைவர் பதவி. இன்றைக்கு எழும்பூர் பக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது.

1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கிய பள்ளி இது. அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாருமே வெள்ளைக்காரர்கள். முதல் முறையாக ஓர் இந்தியர் வந்தார்.

அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள் தெரியுமா? மரவேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று பெரும்பாலும் கைத்தொழில்கள். நம்ம வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கும் இந்தப் பள்ளிக்கும்கூட சம்பந்தம் உண்டு. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கி வைத்தார். அதாவது, நல்ல கைவினைஞர்களை உருவாக்குவதுதான் பள்ளியின் நோக்கம். ஓவியராக, சிற்பியாக ஒருவர் தன் சொந்தப் பார்வையோடு வெளியே வரணும் என்பது முக்கியமாக இல்லை.

ராய் சௌத்ரி இதைத்தான் மாற்றினார். ஓவியமும் சிற்பமும் பாடத்திட்டத்தின் நடுவுக்கு வந்தன. பழைய மாதிரிகளைப் பார்த்து அப்படியே நகல் எடுப்பதற்குப் பதிலாக, உயிருள்ள மனிதரை எதிரே நிற்க வைத்து வரையும் பயிற்சி. அதோடு, வெளியே போய்க் கண்ணால் பார்ப்பதை வரையும் பயிற்சி.

கேட்கிறதுக்கு சாதாரணமா இருக்கும். ஆனா யோசித்துப் பாருங்கள். வெளியே போய் வரைந்தால் அங்கே ராஜா ராணி இருக்க மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர், வண்டி இழுக்கிறவர், வலை காய வைக்கிறவர், கூடைக்காரம்மா, இவர்கள்தான் இருப்பார்கள். ஸ்கெட்ச் புத்தகத்தோடு தெருவுக்கு வந்தால், சாமானியர் தானாகவே படத்துக்குள் வந்துவிடுவார்.

கொஞ்சம் முன்னாடி அமெரிக்காவில்...

இதே மாதிரி ஒரு மாற்றம் கொஞ்சம் முன்னாடி அமெரிக்காவில் நடந்தது. அங்கேயும் அப்போது பெரிய ஓவியம் என்றால் பணக்கார வீட்டு உருவப்படம், அழகான இயற்கைக் காட்சி, புராணக் கதை.

ராபர்ட் ஹென்றி என்ற ஓவியரும் அவரோட நண்பர்களும் இதை உடைத்தார்கள். ஜான் ஸ்லோன், ஜார்ஜ் லக்ஸ், வில்லியம் கிளாக்கன்ஸ், எவரெட் ஷின் இவர்கள் எல்லாரும் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவர்கள். செய்தித்தாளில் போட்டோ அச்சிடுவது பரவலாகாத காலம் அது. தீ விபத்து, ஊர்வலம், விபத்து என்று எங்கே என்ன நடந்தாலும் ஓடிப்போய் சட்டென்று ஸ்கெட்ச் போட்டுக்கொண்டு வரணும். இன்றைக்கு நம்ம சேனல் கேமராமேன் செய்யும் வேலைதான்.

அந்தக் கை வேகத்தோடு நியூயார்க் தெருவை வரைந்தார்கள். மொட்டை மாடியில் தலை காய வைக்கும் பெண்கள், மதுக்கடையில் நிற்கும் ஆண்கள், வேலை முடிந்து ரயிலுக்கு ஓடும் கூட்டம். 1908-ல் எட்டு ஓவியர்கள் சேர்ந்து நியூயார்க்கில் நடத்திய கண்காட்சி பெரிய பேச்சானது. பின்னாளில் 'ஆஷ்கேன்' என்ற பெயரே இந்த ஓவியர்களுக்கு நிலைத்துவிட்டது. அதாவது குப்பைத் தொட்டி ஓவியர்கள்! கிண்டலாக வந்த பெயர், கடைசியில் அமெரிக்க ஓவிய வரலாற்றிலேயே கௌரவமான பெயராகிவிட்டது.

ராய் சௌத்ரி இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய சிலைகளில் தெரிவது பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோடானின் தாக்கம். ஆனா ரெண்டு இடத்திலும் எழுந்த கேள்வி ஒன்றுதான். கலையில் இடம்பிடிக்கத் தகுதியானவர் யார்?

இதுக்கு முன்னாடி தொழிலாளியை யாரும் வரையலையா?

வரைந்தார்கள். அதுவும் நம்ம திருச்சியிலேயே.

19-ம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி மைக்கா ஓவியங்களுக்குப் பெயர்போன ஊர். மைக்கா என்றால் காக்காப்பொன். கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும் அந்தத் தகட்டில் சின்னச் சின்னதாக ஓவியம் தீட்டுவார்கள். தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கி, வண்ணார், வீட்டு வேலைக்காரர், திருவிழா ஊர்வலம் என்று ஒரு செட்டாக வரும். வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் ஊருக்குப் போகும்போது ஞாபகார்த்தமாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

சில செட்டுகளில் ஒரு சுவாரசியம் உண்டு. அட்டையில் முகம் மட்டும் வரைந்திருக்கும். மைக்கா தகடுகளில் விதவிதமான உடைகள் மட்டும் இருக்கும். எந்தத் தகட்டை மேலே வைக்கிறோமோ, அந்த முகம் அந்தத் தொழில்காரராக மாறிவிடும்.

அழகான வேலைப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனா அதிலேயே ஒரு சங்கடமும் இருக்கு. முகம் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, உடையும் தொழிலும் தெரிந்தால் போதும். அந்த மனிதர் அங்கே ஒரு மாதிரி மட்டும்தான். வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டுவதற்கான மாதிரி. அவருக்கு வலித்ததா, மூச்சு வாங்கியதா என்பது அந்தப் படத்தில் இருக்காது.

ராய் சௌத்ரியின் தொழிலாளிகளிடம் இருப்பதே அந்த மூச்சு வாங்கல்தான்.

கவர்னருக்கும் சிலை, பட்டினிக்கும் சிலை

ராய் சௌத்ரியை முழு புரட்சிக்காரர்னு சொல்லிவிட முடியாது. அவர் பிரிட்டிஷ் அரசின் ஊழியர். பெரிய மனிதர்களுக்கு, அதிகாரிகளுக்கு உருவச்சிலை செய்து கொடுப்பதும் அவர் தொழிலின் ஒரு பகுதி. 1937-ல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. பட்டமும் கொடுத்தது.

ஆனா அதே கை வேறு சில சிற்பங்களையும் செய்தது.

1936-ல் திருவாங்கூர் சமஸ்தானம், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவைத் திறந்துவிடும் பிரகடனத்தை வெளியிட்டது. அந்த நிகழ்வைச் சிற்பமாக்கினார் ராய் சௌத்ரி.

1943-ல் வங்காளத்தில் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்துப்போனார்கள். அவர் பிறந்த மண். 1952-ல் அவர் செய்த ஒரு வெண்கலச் சிற்பத்தின் தலைப்பே பசிக்குப் பலியானவர்கள் என்பதுதான்.

1942 ஆகஸ்ட் 11-ல் பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்றப்போன ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாட்னாவில் அவர்களுக்கான நினைவுச் சின்னம் 1956-ல் திறக்கப்பட்டது. கொடியை விடாமல், விழுந்துகொண்டே முன்னேறும் அந்த ஏழு பேரையும் வடித்தது ராய் சௌத்ரிதான்.

பாறையும் நாலு பேரும்

இப்போ உழைப்பாளர் சிலைக்கு வருவோம்.

1959 ஜனவரி 25. குடியரசு தினத்துக்கு முதல் நாள். காமராஜர் முதலமைச்சராக இருந்த நேரம். மெரினாவில் சிலை திறக்கப்பட்டது. ராய் சௌத்ரி அதற்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1957-ல், கல்லூரிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ட்ரையம்ப் ஆஃப் லேபர்'. உழைப்பின் வெற்றி.

இடமும் பொருத்தமான இடம். 1923 மே 1-ம் தேதி, இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினம் கொண்டாடப்பட்டது சென்னையில்தான். ஏற்பாடு செய்தவர் சிங்காரவேலர். ஐகோர்ட் எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணி கடற்கரையில் ஒரு கூட்டம். அதே கடற்கரையில்தான் இந்தச் சிலையும் நிற்கிறது.

நாம பேச்சுவழக்கில் சிலையைச் செதுக்கினார்னு சொல்றோம். உண்மையில் இது உளியால் செதுக்கிய கல் சிலை இல்லை, வார்ப்புச் சிலை. முதலில் கம்பிக்கூடு கட்டி அதன்மேல் களிமண்ணை அப்பி உருவம் செய்வார்கள். அதிலிருந்து அச்சு எடுத்து, கடைசியில் உலோகத்தில் வார்ப்பார்கள். களிமண்ணில் பதிந்த விரல் தடம், கருவித் தடத்தை எல்லாம் ராய் சௌத்ரி வழவழன்னு தேய்த்து எடுக்க மாட்டார். அதனால்தான் அவருடைய சிலைகளில் தோல் சொரசொரப்பாக, வேலை செய்த உடம்பு மாதிரியே இருக்கும்.

மாடலாக நின்றவர்கள் யார்? சினிமா நடிகர்களோ பயில்வான்களோ இல்லை. ஓவியக் கல்லூரியிலும் அக்கம்பக்கத்திலும் வேலை பார்த்த சாதாரண ஆட்கள்தான் நின்றார்கள் என்று சொல்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது மூணு விஷயத்தைக் கவனியுங்கள்.

முதல் விஷயம், உடை. இடுப்பில் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். அவர் எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்று உடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. திருச்சி மைக்கா ஓவியத்தில் உடைதான் எல்லாம். இங்கே உடைக்கு வேலையே இல்லை.

ரெண்டாவது, முகம். யாரும் நம்மைப் பார்க்கவில்லை. தலைவர் சிலைகள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துக் கை நீட்டும். இவர்களுக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மூணாவதுதான் முக்கியம். பாறை இன்னும் நகரவில்லை. பெயர் உழைப்பின் வெற்றி. ஆனா சிலையில் வெற்றி எங்கேயும் இல்லை. மாலை இல்லை, கொடி இல்லை, தூக்கிய கை இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துத் தள்ளும் அந்த ஒரு நொடிதான் இருக்கு. அவர் வெற்றி என்று சொன்னது அந்த நொடியைத்தான்.

சரி, இதில் என்ன பெரிய விஷயம்?

சென்னையில் அதுவரை பெரிய சிலை என்றால் யாருக்கு வைத்தார்கள்னு பாருங்கள். 1820 முதல் 1827 வரை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை, தீவுத்திடல் பக்கம் இன்றைக்கும் இருக்கு. ஆட்சி செய்தவர்களுக்கும் படை நடத்தியவர்களுக்கும்தான் பீடம்.

அந்தப் பீடத்தில் பெயரில்லாத நாலு கூலித் தொழிலாளர்களை ஏற்றியதுதான் இங்கே விஷயம். மெரினாவில் முதல் முதலாக வந்த சிலைகளில் இது ஒன்று. அதே 1959-ல்தான் மெரினா காந்தி சிலையும் வந்தது. அதைச் செய்தவரும் ராய் சௌத்ரியேதான். வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதி சிலைகள் எல்லாம் 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித்தான் அங்கே வந்தன.

அதாவது, கடற்கரையில் கவிஞர்களுக்கு இடம் கிடைப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னாடியே தொழிலாளிக்கு இடம் கிடைத்துவிட்டது.

விமர்சனம் இல்லையா? உண்டு. ராய் சௌத்ரி உழைப்பாளியை ரொம்பவே பயில்வானாகக் காட்டிவிட்டார், நிஜத்தில் கூலித் தொழிலாளி இப்படியா இருப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்னொரு கேள்வியும் உண்டு. நாலு பேருமே ஆண்கள். சித்தாள் வேலை செய்யும் பெண் அந்தப் பாறைப் பக்கம் இல்லை. சென்னையில் கட்டடம் கட்டும் இடத்தை ஒரு நாள் பார்த்தாலே அது எவ்வளவு பெரிய குறைன்னு தெரியும்.

மாணவர்கள் என்ன ஆனார்கள்?

ராய் சௌத்ரியின் இன்னொரு சாதனை, அவர் உருவாக்கிய ஆட்கள். கே.சி.எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். 1957-ல் அவருக்கு அடுத்து அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவரும் அவர்தான். பெரியாரின் மார்பளவுச் சிலையைச் செய்த சிற்பி தனபாலும் ராய் சௌத்ரியிடம் படித்தவர். பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ் குப்தா மாதிரி வங்காளத்துக்காரர்களும் சென்னைக்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள். இந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் 1943-ல் நண்பர்களோடு கல்கத்தா குரூப் என்ற ஓவியர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

சுவாரசியம் என்னன்னா, பணிக்கர் பின்னாளில் குருவின் வழியை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டார். எழுத்தும் குறியீடுமாக வரைந்தார். வாத்தியாரை நகல் எடுக்காத மாணவர்! நகல் எடுப்பதை நிறுத்தச் சொன்ன வாத்தியாருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேணும்?

1954-ல் டெல்லியில் லலித் கலா அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ராய் சௌத்ரிதான். 1958-ல் பத்மபூஷண். 1975 அக்டோபர் 15-ம் தேதி, 76 வயதில் காலமானார். டெல்லி தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதி நிறுவப்பட்டது அதற்குப் பிறகுதான்.

ஒரே பார்வையில்

- பிறப்பு: 1899 ஜூன் 15, தாஜ்ஹாட், ரங்பூர்
- சென்னை ஓவியப் பள்ளித் தலைவர்: 1929 முதல் 1957 வரை
- உழைப்பாளர் சிலை திறப்பு: 1959 ஜனவரி 25
- முக்கியப் படைப்புகள்: மெரினா காந்தி சிலை, பாட்னா தியாகிகள் நினைவுச் சின்னம், டெல்லி தண்டி யாத்திரைச் சிற்பம்
- மறைவு: 1975 அக்டோபர் 15
- படைப்புகளை எங்கே பார்க்கலாம்: சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடம். உழைப்பாளர் சிலையின் இன்னொரு பிரதி டெல்லி கலைக்கூட வளாகத்தில் இருக்கு.

கடைசியா ஒரு விஷயம்

முன்னாடி மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, ராய் சௌத்ரி பாறை தள்ள வேண்டிய வீட்டில் பிறந்தவர் இல்லை. அந்த உடம்பின் வலி அவருக்குப் பிறப்பில் வந்தது இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எதிரே ஒரு மனிதரை நிற்க வைத்து, மணிக்கணக்கில் அவர் முதுகையும் தோளையும் கால் நரம்பையும் கவனித்தால்தான் அப்படிச் செய்ய முடியும். ஓவியக் கல்லூரியில் 28 வருஷம் அவர் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

மெரினாவில் மற்ற சிலைகளுக்குக் கீழே போய்ப் பெயரைப் படிக்கலாம். இந்த நாலு பேருக்குப் பெயர் கிடையாது. ஆனா பஸ் ஸ்டாப்பில் நிற்கும் யாரைக் கேட்டாலும் உழைப்பாளர் சிலைக்கு வழி சொல்வார்கள். அந்தப் பஸ் ஸ்டாப்புக்கே அவங்க பேருதான்.